இலக்கணமும் அளவை நூலும்

‘மின்னுவதெல்லாம் பொன்னன்று’ என்பது எழுத்தறியாதாரும் எடுத்தாளும் பழமொழி. அதன் சொற்களை நிறுத்த முறையிலேயே பொருள் கொண்டால், மின்னும் பொருள்கள் அனைத்தையும் சுட்டி, அவை பொன்னல்ல என்று மறுப்பதாக அது முடியும். அவ்வாறாயின், மின்னுகின்ற பொன்னும் பொன்னன்று என்றாகிவிடும். ஆயினும் இப்பழமொழியைக் கேட்டு அங்ஙனம் மயங்கினார் ஒருவரும் இலர். மின்னுவனவற்றுட் பொன்னும் உண்டு, பொன்னல்லாதனவும் உண்டு என்றே எல்லாரும் உணர்கின்றனர். சொல்வடிவம் ஒன்றாயிருக்கப் பொருள் இரண்டாக நிற்குமிடத்து, கேட்போர் ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்வது எவ்வாறு? இவ்வினா இலக்கண நூலுக்கு உரியதா, அளவை நூலுக்கு உரியதா?

இரண்டுக்கும் உரியது என்பதே விடை. சொற்கள் எம்முறையால் இயைந்து தொடராகின்றன என ஆராய்வது இலக்கணம். ஒரு கூற்றிலிருந்து மற்றொரு கூற்று எம்முறையாற் பெறப்படுகின்றது என ஆராய்வது அளவை நூல். தருக்கம், நியாயம், அளவையியல் என்பன அதற்கு வழங்கும் பிற பெயர்கள். இவ்விரு கலைகளும் தமிழிலே எவ்வாறு கைகோத்து நடந்தன என்பதையும், யாழ்ப்பாணத்து அறிஞர் அவ்வுறவை எவ்வாறு பேணினர் என்பதையும், மேனாட்டார் அண்மைக் காலத்தில் அதே நெறியில் எவ்வளவு தூரம் சென்றனர் என்பதையும் இன்று சுருக்கமாக நோக்குவோம்.

தமிழுக்கு அளவை நூல் புதிதன்று. மணிமேகலையின் 27ஆம் காதை சமயவாதிகள் கொண்ட அளவைகளை வகுத்துரைக்கின்றது. 29ஆம் காதை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்பவற்றையும், அவற்றிலே தோன்றும் போலிகளையும் விரிக்கின்றது. 13ஆம் நூற்றாண்டிலே அருணந்தி சிவாசாரியார் தாம் இயற்றிய சிவஞானசித்தியாரை அளவையிலிருந்தே தொடங்கினார். ஆதலின், சைவ சித்தாந்தம் கற்கப் புகுந்தவர் அளவையைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டியவராயினர். யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் சைவப் பாடசாலைகளிலும் இலக்கணமும் சித்தாந்தமும் ஒரே ஆசிரியரிடம் கற்கப்பட்டமையால், ஒன்றின் ஒளி மற்றொன்றின்மேற் படுதல் இயல்பாயிற்று.

இனி, தொல்காப்பியத்தை நோக்குவோம். அந்நூல் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரமும், அதிகாரந்தோறும் ஒன்பது இயலும் உடையது. சொல்லதிகாரத்திலே வினைச்சொற்களுக்கு ஆசிரியர் இட்ட பெயர்களை நாம் இளமையிலேயே மனனம் செய்தோம்: முற்று, பெயரெச்சம், வினையெச்சம். மனனம் செய்த வேகத்தில் அப்பெயர்களின் நுட்பத்தைப் பெரும்பாலும் கவனியாது போய்விடுகின்றோம். ‘வந்தான்’ என்பது முற்று. அது நிறைந்து நின்றது. ‘வந்த’ என்பது நிறையவில்லை. அது நிறைதற்கு ஒரு பெயர் எஞ்சி நிற்கின்றது, ஆதலின் பெயரெச்சம். ‘வந்து’ என்பதற்கு ஒரு வினை எஞ்சி நிற்கின்றது, ஆதலின் வினையெச்சம். இங்கே ஒரு சொல்லுக்கு வகைப்பெயர் இடப்பட்டது, அச்சொல் தன்னிடத்து எதனை உடையது என்பது பற்றியன்று. தான் நிறைவதற்கு எதனை வேண்டி நிற்கின்றது என்பது பற்றியே. இதனை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

வேற்றுமை மயங்கியலிலே தொல்காப்பியர் ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டுவனவற்றை எட்டாகத் தொகுத்தார். வினை, செய்பவன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னார்க்கு என்பது, இது பயனாக என்பது ஆகியவையே அவை. பெயரெச்சம் இவற்றுள் ஆறனை ஏற்று முடியும் என்று வினையியலிற் கூறினார். ‘எழுதிய’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுதிய மாணவன், எழுதிய கட்டுரை, எழுதிய மண்டபம், எழுதிய நாள், எழுதிய பேனா, எழுதிய எழுத்து என ஆறு வகையாலும் அது முடிகின்றது. ஆறிடத்தும் ‘எழுதிய’ என்னும் வடிவம் மாறவில்லை. மாறுவது, எழுதுதல் என்னும் தொழிலோடு அப்பெயர் கொண்ட உறவே. ஒரு நிகழ்ச்சியிலே பல இடங்கள் உள, அவற்றுள் எந்த ஒன்றையும் வெளியே எடுத்துத் தலைமையாக நிறுத்தலாம் என்பது இவ்விதியின் உட்பொருள்.

அரித்தோத்தில் வகுத்த அளவை நூல் இவ்வழியிற் செல்லவில்லை. கிறித்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டினராகிய அப்பேரறிஞர், கூற்று ஒவ்வொன்றையும் எழுவாய், பயனிலை என இரண்டாகப் பகுத்தார். உண்மை, பொய் என்னும் இரண்டனுள் ஒன்றாகத் துணியத்தக்க தொடர்களையே அளவைக்கு உரியன எனக் கொண்டு, வேண்டுதல் முதலியவற்றை வேறு கலைகளுக்கு விட்டார். தொல்காப்பியரோ எழுவாய் ஏற்கும் பயனிலைகளை ஆறாக வகுத்து, உண்மை சுட்டுதல், தொழில் கூறுதல், பண்பு கூறுதல் என்பவற்றோடு ஏவலையும் வினாவையும் ஒரே வரிசையில் வைத்தார். வாதிடுவோனின் பேச்சை ஆராய்ந்தவர் ஒருவர். வாழ்வோர் அனைவரின் பேச்சையும் ஆராய்ந்தவர் மற்றொருவர். நோக்கம் வேறாதலின் பகுப்பும் வேறாயிற்று.

சொல்லதிகாரத்துக்கு உரை கண்டவர்களுள் அளவைப் பயிற்சி மிக்கவராகப் போற்றப்படுபவர் சேனாவரையர். பிறர் கூற்றை முதலில் நிறுத்தி, அதன் குறையைக் காட்டி, பின்னர்த் தம் கருத்தை நாட்டுவது அவருடைய வழி. அவ்வழியே 18ஆம் நூற்றாண்டிலே திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் சென்றார். 1785இல் மறைந்த அப்பெரியார் தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதற் சூத்திரத்துக்கும் விருத்தி எழுதினார். நன்னூலுக்குச் சங்கரநமச்சிவாயர் கண்ட உரையைத் திருத்தி விரித்தார். 17ஆம் நூற்றாண்டினராகிய அன்னம்பட்டர் வடமொழியிற் செய்த தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். ஒரே கை இலக்கணத்தையும் தருக்கத்தையும் எழுதியமை ஈண்டுக் கருதத்தக்கது.

சொற்றொடர் எவ்வாறு பொருள் தருகின்றது என்பதற்குத் தருக்க நூலார் மூன்று காரணங்கள் கூறுவர். அவாய்நிலை, தகுதி, அண்மை என அவை தமிழில் வழங்கும். ஒரு சொல் தன் பொருள் நிரம்புவதற்கு மற்றொரு சொல்லை வேண்டி நிற்பது அவாய்நிலை. ‘பனை, வண்டில், பானை, கடல்’ என நான்கு பெயர்களை அடுக்கினால், ஒன்று மற்றொன்றை அவாவாமையால் அது தொடராகாது. ‘தோட்டக்காரன் நெருப்பினாற் புகையிலைக் கன்றுகளை நனைத்தான்’ என்றால், அவாய்நிலை உண்டு. ஆயின் நனைத்தற்கு நெருப்புக் கருவியாகாமையின் தகுதி இல்லை. ‘நீரைக்’ என்று காலையிற் கூறி, ‘கொண்டுவா’ என்று மாலையிற் கூறினால், அண்மை இல்லை. மூன்றும் கூடியவிடத்தே தொடர்ப்பொருள் பிறக்கும். தொல்காப்பியர் எச்சம் என்று பெயரிட்டதும், தருக்க நூலார் அவாய்நிலை என்று கூறியதும் ஓரிடத்திற் சந்திப்பதை நேயர்கள் எளிதில் உணரலாம்.

இம்மரபு ஏட்டிலேயே அழிந்துபோகாமற் காத்தவர்களுள் யாழ்ப்பாணத்தார் முன்னணியில் நின்றனர். நல்லூர் ஆறுமுக நாவலர் 1851இலே நன்னூல் விருத்தியுரையை அச்சிட்டார். தொல்காப்பியச் சூத்திர விருத்தி, இலக்கணக் கொத்து, தருக்க சங்கிரகம் ஆகியனவும் அவர் பதிப்பித்தவற்றுள் அடங்கும். இலக்கண நூல்களோடு தருக்க நூலையும் சேர்த்து அச்சேற்றியது தற்செயலன்று. ஒன்றின்றி மற்றொன்றைச் செவ்வனே கற்கவியலாது என்ற கல்விக் கொள்கையே அதன் காரணம் எனலாம். 1868இலே சொல்லதிகாரச் சேனாவரையம், நாவலர் பரிசோதித்த பிரதியாக, சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையால் வெளியிடப்பெற்றது.

தாமோதரம்பிள்ளை கற்ற இடமும் நம் பொருளுக்கு இயைபுடையதே. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவி, 1855 வரை நடத்திய செமினரியிலே மேனாட்டுக் கணிதமும் தத்துவமும் தமிழோடு ஒருங்கே கற்பிக்கப்பட்டன. அங்கு கற்ற நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ‘நியாய இலக்கணம்’ என்னும் பெயரால் மேனாட்டு அளவை நூலைத் தமிழில் எழுதினார். அப்பெயரே அழகியது. நியாயத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு என அது உரைக்கின்றது. அப்படியாக, ஒரு சிறிய குடாநாட்டிலே, ஒரே நூற்றாண்டில், அன்னம்பட்டரின் தருக்கமும் அரித்தோத்திலின் அளவையும் தமிழுருவில் அயலயலே உலவின.

பின்வந்த நூற்றாண்டிலே புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் இத்தொடர்ச்சியைக் காத்தார். 1878இற் பிறந்து 1958இல் மறைந்த அவர், சுன்னாகம் குமாரசாமிப் புலவர் முதலியோரிடம் கற்றவர். தொல்காப்பிய உரைகளுக்கு அவர் எழுதிய குறிப்புகள் சுன்னாகம் திருமகள் அச்சகத்திற் பதிக்கப்பெற்றன. சேனாவரையம் 1938இல் வெளிவந்தது. உரையாசிரியரின் ஒவ்வொரு தடையும் எதை நோக்கியது, ஒவ்வொரு விடையும் எதனால் நிறைவுறுகின்றது என்று காட்டும் அக்குறிப்புகள் இன்றியும் சேனாவரையத்தைப் படிக்கலாம். அவற்றோடு படிப்பார்க்கே அதன் வாதமுறை தெளிவுறும்.

மேனாட்டிலே இலக்கணத்தையும் அளவையையும் இணைக்கும் முயற்சி 17ஆம் நூற்றாண்டிற் பிரான்சு தேசத்தில் ஓங்கியது. போர் ரோயல் மடத்தைச் சார்ந்தோர் 1660இல் ஓர் இலக்கண நூலையும், 1662இல் ஓர் அளவை நூலையும் வெளியிட்டனர். எனினும் அவர்கள் எழுவாய், பயனிலை என்னும் பழைய இரட்டைப் பகுப்பையே பெரிதும் நம்பினர். இரண்டையும் பிணைக்கும் சொல்லொன்று இருக்க வேண்டும் எனவும் கொண்டனர். தமிழில் ‘சாத்தன் ஆசிரியன்’ என்ற தொடரில் அப்பிணைப்புச் சொல் எங்கே? இல்லை. இல்லாதிருந்தும் தொடர் நிறைவுறுகின்றது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்ற தொடரில் முதல் வேற்றுமை எழுவாய் எங்கே? அதுவும் இல்லை. ஒரு மொழிக் குடும்பத்தின் வழக்கை மனித அறிவின் நியதி என்று கொள்வதனால் வரும் இடர் இது.

அந்தப் பழைய பகுப்பை உடைத்தவர் ஜெர்மனியரான பிரேகே. 1879இல் வெளியிட்ட சிறு நூலொன்றில் அவர், வினையை இடங்கள் வெறுமையாக விடப்பட்ட ஒரு சட்டகமாகக் கொண்டார். ‘கொடுத்தல்’ என்பது கொடுப்பவன், கொடுக்கப்படும் பொருள், பெறுபவன் என மூவிடங்களை உடையது. அவ்விடங்கள் நிரம்பியபோது கூற்று நிறையும். அன்றியும் ‘எல்லாம்’, ‘சில’ என்னும் அளவுச் சொற்களின் ஆட்சி எவ்வளவு தூரம் செல்கின்றது என்பதைக் குறியீட்டினால் ஐயமறக் காட்டினார். 1935இல் போலந்து நாட்டு அறிஞர் அஜ்துகியேவிச்சு, ஒவ்வொரு சொல்லுக்கும் அது எதனை ஏற்று எதுவாக முடியும் என்பதையே வகைப்பெயராக இட்டு, தொடர் சரியானதா என்பதைப் பின்னங்களைச் சுருக்குவதுபோற் கணக்கிட்டுக் காட்டினார். 1958இலே கனடாவிற் பணிபுரிந்த கணித அறிஞர் லாம்பெக்கு அதனை முழுமையான ஓர் அளவை முறையாக ஆக்கினார். அங்கே தொடரை இலக்கண முறையாற் பகுத்தலும், ஒரு கூற்றை நிறுவுதலும் ஒரே செயலாயின.

இங்குதான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்னதற்கு மீள்கின்றோம். சொல்லை அது வேண்டி நிற்பதனாற் பெயரிடுதல் என்னும் அக்கொள்கை, பெயரெச்சம், வினையெச்சம் என்ற பெயர்களிலேயே நமக்கு நெடுங்காலமாக உள்ளது. ஆயினும் பெருமை பேசுதற்கு இஃது இடமன்று. தொல்காப்பியர் குறியீட்டு அளவையை அறிந்திருந்தார் என்று கூறுவது அவருக்கும் புகழாகாது, உண்மைக்கும் பொருந்தாது. மொழியை நேர்மையுடன் நோக்கிய இருவர், வெவ்வேறு காலத்தும் வெவ்வேறு தேயத்தும் நின்று, ஓர் உண்மையைக் கண்டனர் என்பதே கொள்ளத்தக்கது. அன்றியும் லாம்பெக்கு வகுத்த முறையிலே ஒரு சொல் தான் வேண்டுவதை இடப்புறத்தில் வேண்டுகின்றதா, வலப்புறத்தில் வேண்டுகின்றதா என்பது முதன்மையானது. தமிழிலோ, ‘சாத்தன் கொற்றனுக்கு நூலைக் கொடுத்தான்’ என்பதன் பெயர்களை எவ்வாறு மாற்றி வைப்பினும் வேற்றுமையுருபு உறவைக் காத்து நிற்கும். ஆகவே அம்முறையை அப்படியே தமிழுக்கு இடுதல் இயலாது. உருபின் பணியை அதனுள் ஏற்றியே கொள்ளவேண்டும்.

1957இல் அமெரிக்கரான சோம்சுகி, தொடரமைப்புச் சரியாயிருந்தும் பொருள் இயையாத ஒரு வாக்கியத்தை எடுத்துக்காட்டி, இலக்கண அமைதி வேறு, பொருளமைதி வேறு என்று வாதிட்டார். அவாய்நிலை உண்டு, தகுதி இல்லை என்று தருக்க நூலார் கூறியதை இது நினைவூட்டும். அதற்குப் பின், கலிபோர்ணியாவிற் கற்பித்த மொண்டேகு என்னும் அளவை அறிஞர், இயற்கை மொழிக்கும் அளவை அறிஞர் ஆக்கிய குறியீட்டு மொழிக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை என்று 1970இல் உரைத்தார். அவர் 1971இல் இறந்தார். ‘ஒவ்வொரு’, ‘ஒரு’ போன்ற அளவுச் சொற்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1973இல் வெளிவந்தது. தொடரை ஆக்கும் ஒவ்வொரு விதிக்கும் இணையாகப் பொருளை ஆக்கும் ஒரு விதி உண்டு என்பது அவர் கொள்கை.

அளவுச் சொல் என்றவுடன் நம் பழமொழி மீண்டும் முன்னே வருகின்றது. தொல்காப்பியர் இடையியலிலே உம்மைக்கு எட்டுப் பொருள் கூறினார். அவற்றுள் ஒன்று முற்று, ஒன்று எச்சம். ‘எல்லாரும் வந்தனர்’ என்பதில் உள்ளது முற்றும்மை. அதன்மேலும் அவர் ஒரு விதி செய்தார்: முற்றும்மை எச்சப்பொருள் தருதலும் உண்டு என்பதே அது. உரையாசிரியர் இதற்கு எதிர்மறைத் தொடரையே காட்டாகத் தருவர். பத்தையும் கொடாதே என்றால், சில எஞ்சுமாறு கொடு என்ற பொருளும் பிறக்கும் என்பது அவர் விளக்கம். நன்னூலாரும் இவ்விதியைப் போற்றினார். இன்றைய அளவை நூலின் வழக்கிற் கூறினால், மறுப்பு ‘எல்லாம்’ என்பதன் உள்ளே நின்றால் ‘ஒன்றும் இல்லை’ என்ற பொருளும், வெளியே நின்று ‘எல்லாம்’ என்பதையே தாக்கினால் ‘எல்லாம் அன்று, சில உண்டு’ என்ற பொருளும் பிறக்கும். பிரேகேயும் மொண்டேகும் குறியீட்டினால் விளக்கிய இவ்வேறுபாட்டுக்குத் தமிழிலக்கணம் முற்று, எச்சம் என்ற இரண்டு சொற்களால் இடம் வகுத்திருந்தது.

இது பண்டிதர்க்கு மட்டும் உரிய நுட்பமன்று. ஒரு வினாத்தாளிலே ‘இரண்டு வினாக்களுக்கும் விடை எழுத வேண்டியதில்லை’ என்று அச்சிடப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு எழுதினாற் போதும் என்று ஒரு பிள்ளை கொள்வாள். ஒன்றுக்கும் எழுத வேண்டா என்று இன்னொரு பிள்ளை கொள்வாள். இருவரும் தமிழறிந்தவர்களே. குற்றம் பிள்ளைகளிடத்து இல்லை. உம்மையையும் மறுப்பையும் எண்ணிப் பாராது எழுதிய கையில் உள்ளது. உறுதி எழுதுவோரும், சட்டம் மொழிபெயர்ப்போரும், அரசாங்க அறிவித்தல் வரைவோரும் இவ்வழுவிலே வீழ்ந்தால், இழப்பு மதிப்பெண்ணோடு நில்லாது. காணியும் உரிமையும் அதனாற் போகலாம்.

நம் நாட்டிலே கல்விப் பொதுத் தராதர உயர்தர வகுப்பில், ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்பது தமிழ்மொழியிற் கற்கத்தக்க ஒரு பாடமாக உள்ளது. அதனைக் கற்கும் மாணவர், ‘எல்லா’, ‘சில’ என்று தொடங்கும் எடுப்புக்களை மாற்றியும் மறுத்தும் பயில்கின்றனர். அதே மாணவர் சில ஆண்டுகளுக்கு முன் தமிழ் வகுப்பில் உம்மையின் எட்டுப் பொருளை ஒப்புவித்திருப்பர். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியன என்று அவர்களுக்கு எடுத்துரைப்பார் அரியர். இலக்கணம் மனனத்துக்கும், அளவை பரீட்சைக்கும் எனப் பிரிந்துபோனமையால், முன்னது உயிரிழந்தது, பின்னது ஊரிழந்தது. அளவையியல் ஆசிரியர் ‘மின்னுவதெல்லாம் பொன்னன்று’ என்பதைக் கரும்பலகையில் எழுதி, அதனை இருவகையாகக் குறியீட்டிற் பெயர்க்கச் செய்தால், அவ்வொரு பாடவேளையிலேயே இரு கலையும் ஒன்றுசேரும்.

இவ்வளவு கூறியபின், எல்லையையும் கூறுதல் கடமை. அளவை நூல் மொழி முழுவதையும் அளந்துவிடாது. வீட்டுப் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவர் கூறினால், அது திணை வழுவே. ஆயின் இலக்கண நூலார் அதனைத் தள்ளவில்லை. உவப்பினால் வந்த வழுவமைதி என்று ஏற்றனர். விதியை முதலில் நாட்டி, அதனைக் கடக்கும் வழக்கையும் காரணங்காட்டி அமைத்துக்கொண்டமை, அவர்கள் மொழியை அளவைக்கு அடிமையாக்கவில்லை என்பதற்குச் சான்று. அதே வேளையிலே தங்கள் நூலை அவர்கள் அளவைக்கு உட்படுத்தினர். நூலுக்கு ஆகாத குற்றங்களாக அவர்கள் எண்ணியவற்றுள், வேண்டியதைக் குறைத்தல், வேண்டாததை மிகுத்தல், முன்பின் முரணுதல், சொன்னதையே சொல்லுதல் என்பன உள. ஒரு விதித் தொகுதி நிறைவுடையதா, முரணற்றதா, மிகையற்றதா என்று இன்றைய அளவை அறிஞர் கேட்கும் வினாக்களும் இவையே.

ஆதலால், வழக்குக்கு இரக்கமும் விதிக்குக் கண்டிப்பும் ஒருங்கே உடையதாய் இலக்கணம் கற்பிக்கப்படல் வேண்டும். பிள்ளை ஒரு விதியை ஒப்புவித்தால், ‘அது ஏன்?’ என்று ஆசிரியர் வினவுக; பிள்ளையும் ஆசிரியரை அவ்வாறே வினவுக. தடையும் விடையுமாகச் சேனாவரையர் நடத்திய அவ்வுரையாடல், கணேசையரின் குறிப்புகளோடு நம் நூலகங்களில் இன்றும் காத்திருக்கின்றது.